புகை டிரம்மில் சுட்ட கோழி

22.8.1999, ஞாயிறு

மதியம் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து அத்தை வந்தார். சாயங்கால பஸ்ஸுக்கு முன்பே சுட்ட கோழி தருவதாக அப்பா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மழைக்காலத்தில் எங்கள் மலையில் வெயிலே இருக்காது. அதனால் உப்புக்கண்டத்தைப் புகையில் காயவைக்க அப்பா ஒரு தகர டிரம் செய்து வைத்திருக்கிறார். அதிலேயே கோழியையும் சுட நினைத்தார். அடியில் ஒரு தட்டில் கரியைப் பற்றவைத்து, மேலே கம்பி வலையில் கோழியை வைத்து மூடினார். வெகுநேரம் கழித்துத் திறந்தால் தோல் மட்டும் பழுப்பேறியிருந்தது. உள்ளே பச்சைக்கறி.

"ஏன்டா தம்பி, கோழிக்குச் சாம்பிராணியா போடறே?" என்று அத்தை சிரித்தார்.

"நான் கொழம்பே வெச்சர்றனுங்க," என்றார் அம்மா. அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "கரி ரொம்பக் கீழ கெடக்குதுங்கப்பா. செங்கல் அடுக்கிக் கரித்தட்டை மேல ஏத்துங்க. மூடியைத் தொறந்தே வைங்க, கரிக்குக் காத்து வேணும்," என்றேன்.

அப்பா செங்கல் எடுத்து வந்தார். கரி கனன்றது. கொழுப்பு சொட்டிச் சடசடத்தது. ஒரு பக்கம் கருகினாலும் கறி நன்றாக வெந்துவிட்டது. அத்தை எலும்பைக்கூட விடவில்லை.

பஸ் ஏறும்போது, "யாருடா இந்த யோசனை சொன்னது?" என்று கேட்டார்.

"நாந்தானுங்கக்கா," என்றார் அப்பா. நான் பக்கத்தில்தான் நின்றேன். வீடு வரும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது.

சற்று முன் அப்பா என் கதவருகே வந்து மெதுவாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, மீன் சுட்டா இன்னொரு செங்கல் வெக்கலாமா?"

"ஒன்னு எடுத்தரணுங்கப்பா. மீன் சீக்கிரம் வெந்துரும்," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். இனித் தூங்கலாம்.