நம்ப முடியாத வரி

நேற்று தவளக்குப்பம் சந்திப்பில் பஸ்ஸுக்காக நின்றபோது உன் முகத்தைப் பார்த்தேன். இளநீர் விற்கிறவர் ஒருவர் உன் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸை வெயிலுக்குக் கூரையாகக் கட்டியிருந்தார். நெற்றிக்கு மேலே ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருந்தது. சிவப்பும் மஞ்சளும் வெயிலில் வெளுத்துப்போய் நீ முழுக்க நீலமாக இருந்தாய்.

ஓர் இளநீர் வாங்கிக்கொண்டு, இந்த ஃபிளெக்ஸ் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். காற்றில் விழுந்து கிடந்தது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூலையில் பழைய கயிற்றின் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அறுந்த கயிறு நுனி பிரிந்து நார் நாராக இருக்கும், இது கத்தியில் வெட்டியது போல் சுத்தமாக இருந்தது. இளநீரைக் குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, நான் உன்னை மாதிரியே ஆகிவிட்டேன்.

வில்லியனூரில் செருப்புக் கடை வைத்திருப்பவனுக்கும், தவளக்குப்பத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுப்பவனுக்கும் வலைப்பூ விமர்சனம் என்ன வேலை என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். என் கடைக்கு நீ செருப்பு வாங்கத்தான் வந்தாய். தோல் செருப்பு என்று நான் சொன்னதை நம்பாமல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாய், முகர்ந்து பார்த்தாய். பிறகு என் மேசை மேலிருந்த கணினியில் திறந்து கிடந்த வலைப்பூவைப் பார்த்தாய். ஒரு பெண் தன் வீட்டைப் பற்றி எழுதிய பக்கம் அது. "இது பொண்ணுதான்னு உனக்கு எப்புடித் தெரியும் பாய்?" என்றாய். அன்றைக்குச் செருப்பு வாங்காமலே போனாய், ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியோடு மறுபடி வந்தாய்.

அப்படித்தான், ஊரார் வலைப்பூக்களுக்கு மதிப்பெண் போட்டு நாம் இணையத்தில் எழுதிய விமர்சனம் தொடங்கியது. அப்போதெல்லாம் எழுதத் தெரிந்தவன், தெரியாதவன் எல்லாரும் வலைப்பூ வைத்திருந்தார்கள். பின்னூட்டத்தில் ஒருவரையொருவர் "அருமை" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளதை உள்ளபடி சொல்ல ஆள் இல்லை. எழுத்துக்கு நான், வடிவமைப்புக்கு நீ என்று பிரித்துக்கொண்டோம். ஒருவர் பார்ப்பதை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பது உன் சட்டம். நான் பதிவுகளை மட்டும் நகலெடுத்து வெறும் தாளில் அச்சடித்துப் படிப்பேன், பக்கம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. நீ எழுத்தைப் படிக்கவே மாட்டாய். உன் கடைக் கணினித் திரையை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எதிர் டீக்கடையில் போய் நின்று, எழுத்து ஒன்றும் புரியாத தூரத்திலிருந்து கண்ணை இடுக்கிப் பார்ப்பாய். "படிக்க ஆரமிச்சா பக்கம் தெரியாது பாய்" என்பாய். டீக்கடைக்காரர் உனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, தானாகப் பாடுகிற பாட்டு, தலைக்கு மேல் ஓடுகிற வாசகம், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உன்னிடம் தப்பிக்க முடியாது. ஞாயிறு மதியம் இருவரும் மதிப்பெண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து மேசையில் போடுவோம். நான் முன்கூட்டியே வடிவமைப்பைப் பார்த்துவிட்டேனோ என்று உனக்கு எப்போதும் ஓர் ஐயம். நல்லவாடு மீனவக் குப்பத்துக்காரர் யாராவது கடலைப் பற்றி எழுதினால் நான் இளகிவிடுகிறேன் என்றும் சொல்வாய். அது உண்மைதான், ஆனால் உன்னிடம் ஒப்புக்கொண்டதில்லை.

விமர்சனத்தின் கடைசியில் 'நம்ப முடியாத வரி' என்று ஒரு பகுதி வைத்தது உன் யோசனை. ஒவ்வொரு வலைப்பூவிலும் பொய் என்று படுகிற ஒரே ஒரு வரியை நான் எடுத்துப் போட வேண்டும். மதிப்பெண் குறைந்தால்கூடப் பொறுத்துக்கொண்டவர்கள் அந்த வரிக்காக நம்மோடு சண்டைக்கு வந்தார்கள். பெரும்பாலும் அது பொய்யாகவே இருந்ததால் சண்டை நீளவில்லை.

கரியமாணிக்கத்துக்காரர் ஞாபகம் இருக்கிறதா? தன் வயலைப் பற்றித் தினமும் எழுதினாரே, அவர்தான். அந்தப் படங்கள் நம் பக்கத்து வயலே இல்லை, எங்கிருந்தோ சுட்டது என்று நீ சாதித்தாய். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனாய். மனிதர் நம்மை வரவேற்று, வரப்பில் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், அதே மோட்டார் கொட்டகை, அதே ஒற்றைப் பனை எல்லாவற்றையும் காட்டினார். மோர் கொடுத்தார். நான் கூசிப்போய் நின்றேன். நீ மோரைக் குடித்துவிட்டு வயலையும் அவர் கைபேசியில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாய். திரும்பி வரும்போது, "பச்சைய ஏத்திக்கிறான் பாய். இவ்ளோ பச்சை அங்க இல்ல" என்றாய். மறுநாள் கேட்டபோது, படத்தில் பச்சையைக் கூட்டியதை அவரே மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டார்.

உன் தொழில்தான் உன்னை அப்படி ஆக்கியது என்று நினைக்கிறேன். உன் கணினியில் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கான வாசகம் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. யார் போனாலும் அதைத் திறந்து பெயரையும் படத்தையும் மாற்றுவாய். குடித்துவிட்டு வீட்டை நாசமாக்கியவனும் அதில் குடும்பத்தின் ஒளிவிளக்குதான். "செத்தவன் எல்லாரும் ஒரே மாரி நல்லவன் பாய். எனக்குத் தெரியும், நான்தான அடிக்கிறேன்" என்று ஒருமுறை சொன்னாய்.

பிறகு வலைப்பூக்கள் குறைந்தன. எழுதியவர்கள் முகநூலுக்குப் போனார்கள், அங்கிருந்து வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனார்கள். நமக்கு எப்போதாவது ஒரு சுட்டி வரும். நாம் விடாமல் சீட்டு மடித்துப் போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் இயந்திரமே எழுதித் தருகிற காலம் வந்தது. உனக்கு முதல் முறையாகக் கொஞ்சம் பயம் வந்ததைப் பார்த்தேன். "இப்ப எல்லாருக்கும் நல்லா எழுத வருது. அதான் இன்னா பண்றதுன்னு தெரியல" என்றாய்.

போன தை மாதம் முகூர்த்தப் பத்திரிகை வேலை மலையாகக் கிடந்தபோது நீ நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாய். செய்தி வந்தபோது அதையும் நான் நம்பவில்லை. உன் வீட்டு வாசலில் ஃபிளெக்ஸைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். வேறு கடையில் அடித்தது. எழுத்துரு மூன்று விதமாக இருந்தது. குடும்பத்தின் ஒளிவிளக்கு என்று போட்டிருந்தது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் கயல் போன மாதம் எனக்கு ஒரு சுட்டி அனுப்பினாள். 'அப்பா' என்று ஒரு வலைப்பூ. "பாய் மாமா, அப்பாவும் நீங்களும் எழுதற மாரியே எழுதித் தாங்க. அந்தக் கடைசிப் பகுதியும் வேணும். நல்லார்ந்தாதான் நினைவு நாளுக்கு எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று குரல் செய்தி. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற பெண், அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுக்குப் போய் மதிப்பெண் போடுவதா? ஆனால் தெரிந்தவர் என்று இளகக் கூடாது என்பதும் உன் சட்டம்தான்.

வழக்கம்போல அச்சடித்து, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு உள்ளே அரிக்க ஆரம்பித்தது. வாக்கியம் ஒவ்வொன்றும் இஸ்திரி போட்டது போல் இருந்தது. அப்பா நேர்மையின் இலக்கணமாம். காலையில் காபி மணத்தோடு அவர் சிரிப்பும் வீட்டை நிறைக்குமாம். நீ வாழ்நாளில் காபி குடித்து நான் பார்த்ததில்லை, சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை. உன் ஒளிவிளக்குக் கோப்பைத்தான் யாரோ நீட்டி எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. இயந்திரம்தான், வேறு யார்?

நீ இல்லாததால் வடிவமைப்பையும் நானே பார்க்க வேண்டியிருந்தது. திரையைத் திருப்பி வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து மருந்துக்கடை வாசலில் நின்று கண்ணை இடுக்கினேன். வெள்ளைப் பக்கம், ஒரே எழுத்துரு, ஓரத்தில் ஒன்றும் இல்லை. அது மட்டும் உன் மகள் செய்தது என்று தெரிந்தது. உன் படத்தில் முகவாய் மச்சத்தைக் காணோம், ஏதோ செயலி துடைத்துவிட்டிருந்தது.

கடைசிப் பகுதிக்கு வரி தேட வேண்டிய வேலையே இல்லை. பக்கத்தின் அடியில் தனியாக நின்றது: 'அப்பா என்னை ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.' எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கடையில் வாங்கிய உப்பையே உப்புதானா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பவனைப் பற்றி இப்படி ஒரு வரி. அதைச் சிவப்பு மையில் சுழித்துத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பாகூரில் உன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அனுப்பிவிட்டால் எளிது, ஆனால் அந்தப் பெண்ணை எழுத்தில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் மனைவி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கயல் தாளை வாங்கி, சிவப்புச் சுழியைத்தான் முதலில் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"மத்ததெல்லாம் மிஷின்ல வாங்கினது மாமா. இது ஒண்ணுதான் நான் எழுதினேன்" என்றாள்.

பிறகு சொன்னாள். அவள் பிளஸ் டூ படித்தபோது வகுப்பில் ஒரு டீச்சரின் கைபேசி காணாமல் போய், தேடியதில் அவள் பையில் கிடைத்ததாம். உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கையில் மையோடு அப்படியே வந்து நின்றாயாம். அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "எம்பொண்ணு எடுக்கல" என்று மட்டும் சொன்னாயாம். வழியெல்லாம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அவளே சொல்ல வாயெடுத்தபோது, "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பசிக்குதா?" என்று கேட்டு, பரோட்டா வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயாம். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லையாம்.

என்னிடம்கூட நீ சொல்லவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் எதிரெதிரே உட்கார்ந்து ஊரார் எழுதியதையெல்லாம் துருவியிருக்கிறோம், இதை மட்டும் நீ என் முன்னால் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் கேள்வி கேட்டிருப்பேன்.

"அப்பாவப் பத்தி எழுதணும்னு உக்காந்தா எனக்கு இது ஒண்ணுதான் வந்துச்சு. ஒரே ஒரு வரிய போட்டா நல்லாருக்காதேன்னு மிச்சத்த எழுத வெச்சேன்" என்றாள் கயல்.

ஒரே ஒரு வரி போதும் என்று சொன்னேன். அவள் அங்கேயே கைபேசியை எடுத்து மற்றதையெல்லாம் அழித்தாள். மச்சம் போன படத்தையும் எடுத்துவிட்டாள். இப்போது அந்த வலைப்பூவில் வெள்ளைப் பக்கமும் அந்த வரியும்தான் இருக்கின்றன. நினைவு நாளுக்கு அதைத்தான் எல்லாருக்கும் அனுப்பப்போகிறாள். எதிர் டீக்கடையிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், நீ என்ன சொல்வாயோ தெரியாது.

உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. வாசல் வரைக்கும் அவள் வழியனுப்ப வந்தபோது எனக்குள் அந்தப் பழைய அரிப்பு எழுந்தது. அந்தக் கைபேசி அவள் பைக்குள் எப்படி வந்தது? யார் வைத்தது? பிறகாவது தெரிந்ததா? அவள் சொன்ன கதையில் அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளும் நான் கேட்பேன் என்று எதிர்பார்த்தது போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்ட்டியாமா?" என்று கேட்டேன்.