கூண்டுக்குள் கூப்பிட்ட கை

மார்ச் 4

ஏழு குரங்குகளும் பழைய கூண்டை விட்டுப் புது மாளிகைக்குக் குடிபோயின. உலக வரலாற்றில் இப்படியொரு துரோகம் நடந்ததில்லை. செய்தவன் நான்.

தீனி போடுகிறவன் குரங்கைப் பிடிக்கக் கூடாது. பிடிக்க வருகிறவன் முகமூடி போட்டிருப்பான், பழியெல்லாம் முகமூடிக்கு. எங்கள் பூங்காவில் ஒழுங்கு என்று இருந்தது அது ஒன்றுதான். மேலாளர், என் தங்கை புருஷன், அதையும் காலி செய்தார். "நீங்க கூப்பிட்டா தானா வரும் மச்சான். வலையெல்லாம் எதுக்கு?"

பழத்தைக் காட்டிக் கொஞ்சினேன். கூட்டத்தின் தலைவி மகாராணிதான் முதலில் பெட்டிக்குள் நுழைந்தாள். கதவு விழுந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு மலையே சாம்பலாகியிருக்கும்.

மார்ச் 5

மேல் மூலையில் ஏழும் ஒரே உருண்டை. என்னைக் கண்டால் பல்லைக் காட்டுகின்றன. மாப்பிள்ளை திராட்சையோடு வந்தால் மட்டும் இரண்டு இறங்குகின்றன.

திராட்சை!

மார்ச் 8

மகாராணி தன் கையையே கடித்துக்கொள்கிறாள். ஏழு பேர் வாசனையும் ஊறிய பழைய படுக்கைப் பலகையை மாப்பிள்ளையிடம் கேட்டேன். அழுக்காம், புது வீட்டுக்கு ஆகாதாம். திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் முன்னால் தானே கையால் ஊட்டப்போகிறாராம்.

ஊட்டு ராசா, ஊட்டு. தங்கையைக் கொடுத்தேன், குரங்கையும் கொடுத்தேன். இன்னும் ஒன்று கொடுக்காமல் என் கட்டை வேகாது.

மார்ச் 10

மகாராணியின் புண்ணுக்குக் கட்டுப்போட வேண்டும், பிடித்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். நேராக மாப்பிள்ளையிடம் போனேன். இது வலைக்காரனுக்கு அடங்குகிற உருப்படியா, சிங்கம் மாதிரி நீங்கள் இறங்க வேண்டாமா என்றேன். நெஞ்சு இரண்டு முழம் புடைத்தது. முகமூடியைக் கையில் எடுத்தார்.

"போட்டோவுல முகம் தெரியாதே மாப்பிள்ளை."

கீழே வைத்துவிட்டார்.

மார்ச் 11

பிடித்தார். மற்ற ஆறும் கம்பியைப் பற்றிக்கொண்டு அவர் முகத்தை மனப்பாடம் செய்தன. நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அவள் அலறியபோது சிரிப்பு நின்றுபோனது – இதை எழுத வேண்டாமென்று இருந்தேன்.

மார்ச் 14

திறப்பு விழா. வெள்ளைச் சட்டை, தட்டு நிறையத் திராட்சை. முகத்தைக் கண்டதும் ஏழு தொண்டையும் ஒன்றாகத் திறந்தன. முதலில் மேலிருந்து மழை. அப்புறம் கெட்டியான சமாச்சாரம். விருந்தினர்கள் சிரித்த சிரிப்பில் புதுக் கூரை ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தது.

தங்கை போனில் கேட்டாள், "அண்ணா, இது உன் வேலைதானே?" சத்தியமாக இல்லை என்றேன். சட்டையை நீயே வந்து துவை என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 15

பலகையைத் தூக்கிவந்து நானே மாட்டினேன். தடுக்க மாப்பிள்ளை அந்தப் பக்கம் வந்தால்தானே? மோந்தார்கள். ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். என்னை யாரும் சீந்தவில்லை.

மார்ச் 19

மகாராணி இறங்கி வந்தாள். கம்பி வழியே பழத்தை நீட்டினேன். பழத்தை விட்டுவிட்டுக் கட்டைவிரலைப் பிடித்தாள். அவசரமே இல்லாமல், என் கண்ணைப் பார்த்தபடி கடித்தாள். கையை இழுக்கவில்லை. இழுக்க எனக்கு என்ன யோக்கியதை? அப்புறம் பழத்தை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து தின்றாள்.

கடிக்கிற குரங்கைத் தனியாக அடைத்துவிடுவார்கள். தையல் போட்ட டாக்டரம்மாவிடம், கதவுத் தாழ்ப்பாள் நசுக்கிவிட்டது என்றேன்.

"தாழ்ப்பாளுக்குப் பல்லு இருக்கா மாமா?"

"புது வீடும்மா. எல்லாம் கொஞ்சம் கூராத்தான் இருக்கும்."