எந்தப் பெட்டி என்று நீ சொல்லவில்லை

இன்று பள்ளியில் ஒரு கிழிந்த தேசப்படத்தைத் துணியில் ஒட்டுவதற்காக மைதாப் பசை காய்ச்சினேன். பூச்சி அரிக்காமல் இருக்க மயில் துத்தம் ஒரு சிட்டிகை போட்டதும் அந்த நெடி எழுந்தது. கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நான் பாடம் சொல்லும் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

1937 சட்டசபைத் தேர்தலுக்கு முன்பு, மயிலாப்பூரில் உங்கள் வீட்டுப் பின்கட்டில் நீ காய்ச்சிய பசைக்கும் இதே நெடிதான். உன் கணவர் கட்சிக்காரர். சுவர்களில் நோட்டீஸ் ஒட்ட ஆள் போதவில்லை என்று அவர் சொன்ன மறுநாளே நீ முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாய். கல்லூரியில் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கத்தில் என்னையும் இழுத்துக்கொண்டாய். கல்யாணத்தோடு உன் படிப்பு நின்றிருந்தது. நான் பி.ஏ. முடித்துவிட்டு அப்பா விறகு விற்கும் தொட்டியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. வாங்கியவள் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

"நீ வாயே திறக்க வேண்டாம்டி. பசைச் சட்டியைப் பிடிச்சுண்டு நில்லு. பேச்செல்லாம் என்னோடது" என்றாய்.

படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள். நம் நோட்டீஸில் பெரிதாக ஒரு மஞ்சள் பெட்டி. லஸ் முனையில் நீ அதை ஒட்டும்போது ஒரு ஜட்காக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாம்மா, புது நாடகமா? யாரு வேஷம் கட்டிக்கினு ஆடுறா?"

"ஓட்டு, நைனா. மஞ்சள் பெட்டிக்குப் போடணும்."

"எனக்கு ஏது ஓட்டு? வூடு வாசல் கீதா, படிப்பு கீதா? என் குதிரைக்கு வேணா தருவாங்களான்னு கேட்டுச் சொல்லு."

"கேக்கறேன். மொதல்ல அது நோட்டீஸைத் தின்னாம பார்த்துக்கோ!"

நான் திரும்பிப் பார்த்தால் குதிரை ஈரக் காகிதத்துக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று நான் சட்டிக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன்.

படித்த பெண்களுக்கும் ஓட்டு என்று ஆகியிருந்ததால் உன் பெயர் பட்டியலில் ஏறியிருந்தது. உன்னைவிட இளையவள் நான், எனக்கு வயது போதவில்லை. "எனக்குக் கட்டிக்கற புடவையைக்கூட மாமியார்தான் எடுப்பா. இதையாவது நானே போய்ப் போடணும்" என்று ஒருநாள் தூரிகையை அலம்பிக்கொண்டே சொன்னாய்.

தேர்தல் நெருங்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்தது. விடவே இல்லை. தேர்தலன்று காலை நான் வந்தபோது உன் கணவர் கட்டிலருகே நின்றிருந்தார்.

"ஒரு ஓட்டு கொறைஞ்சா ஒண்ணும் ஆயிடாது. நாம எப்படியும் ஜெயிச்சுடுவோம். படுத்துக்கோ."

"ஜெயிக்கறதுக்கா நான் போறேன்?" என்றாய்.

நான் போய் ரிக்‌ஷா கூட்டிவந்தேன். சாவடியில் பெண்கள் வரிசை தானாக விலகி வழிவிட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனாய். வெகுநேரம் வரவில்லை. விழுந்துவிட்டாயோ என்று அதிகாரியே எழுந்துவிட்டார். அப்போதுதான் வந்தாய். உன் உடம்பு என் தோளில் கொதித்தது.

ரிக்‌ஷாவில், "மஞ்சள்தானே?" என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

"சொல்ல மாட்டேன்."

"என்கிட்டயுமா?"

"உன்கிட்டயும்தான். உள்ளே யாருமே இல்லைடி. நான் மட்டும்தான். அப்படி ஒரு இடத்துல நான் நின்னதே இல்லை." கண்ணை மூடிக்கொண்டாய்.

முடிவு வந்த அன்று மாடவீதியில் வெடி வெடித்தார்கள். உங்கள் தெருவில் மட்டும் வெடிக்கவில்லை. முதல்நாள்தான் உன்னை மயானத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நீ ஒட்டிய நோட்டீஸ்கள் அடுத்த மழைவரை சுவரில் இருந்தன. நான் வேறு தெரு வழியாக நடந்தேன்.

சில மாதம் கழித்து உன் கணவர் விறகுத்தொட்டிக்கு வந்தார். விறகு வேண்டுமா என்று அப்பா கேட்டதற்கு, இல்லை, என்னைப் பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார். மிகவும் இளைத்திருந்தார்.

"அன்னிக்கு அவ எதுல போட்டான்னு உங்கிட்ட சொன்னாளாம்மா?"

"சொல்லலை அண்ணா."

"நம்ம பெட்டிலதான் போட்டிருப்பா. அவளே அலைஞ்சு ஒட்டின நோட்டீஸாச்சே." அடுக்கிலிருந்த ஒரு விறகின் பட்டையை உரித்தார். "இல்லையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதில் நான் கொடுக்கக்கூடியது இல்லை.

"அவளுக்கு என்ன தோணறதுன்னு நான் ஒரு தரம்கூடக் கேட்டதில்லைம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

எனக்கும் இப்போது வயது வந்துவிட்டது. அடுத்த தேர்தல் வந்தால் அந்த மறைப்புக்குப் பின்னால் நானும் தனியாக நிற்பேன். வெளியே வந்ததும் அப்பா கேட்பார், பள்ளியில் கேட்பார்கள். யாரிடமும் சொல்லப்போவதில்லை. உன்னிடம் மட்டும் சொல்லவேண்டும் என்று தோன்றும். அப்போது என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.