பித்தப்பையில் முப்பது வருடம்

பென்டில் ஹில், சிட்னி

அன்பு மகள் மிருணாளினிக்கு,

அங்கே நீயும் மருமகனும் பேரன் சுபாங்கனும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று நாள்தோறும் விளக்கு வைத்துக் கும்பிடுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் இந்த நாலு மாதமாகப் போனில் சுகம் சுகம் என்று நான் சொன்னதெல்லாம் பொய். எடின்பரோவில் குளிர் விட்டதா, பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று உன்னையே கேட்டுக்கொண்டிருந்ததும் நீ என்னைக் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டு வாசிக்காதே.

மார்ச் மாதம் பழைய மாணவர் சங்கத்து ஒன்றுகூடல் நடந்தது, படம் அனுப்பினேன் அல்லவா. இடியப்பமும் சொதியும் சிவாஜினி, சம்பல் நான். சிவாஜினியை நீ கண்டதில்லை. படகில் வந்து முகாமில் கிடந்து இன்னும் தற்காலிக விசாவில் இருக்கிற பிள்ளை, நாற்பது வயதிருக்கும், பழனிசாமியின் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. அன்றைக்கு மண்டபத்துக் குசினியில் அவள் கையுறை போட்டுக்கொண்டுதான் மாப் பிழிந்தாள், எனக்கும் ஒரு சோடி நீட்டினாள். "றப்பர் மணத்தோட சம்பலை ஆர் தின்னுறது?" என்று தள்ளிவிட்டேன். அறுபது பேருக்கான தேங்காய்ப்பூவையும் வெறுங்கையால் பிசைந்தேன். சனம் விரலைச் சூப்பிச் சாப்பிட்டது. 

இரண்டு கிழமை கழித்து, சங்கத் தலைவர் ஈஸ்வரமூர்த்தியின் பேத்தி ராகவிக்குக் காய்ச்சல் தொடங்கியது. ஒன்பது வயதுப் பிள்ளை. இறங்கவே இல்லை. பிறகு வேறு இரண்டு பேருக்கு. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து நெருப்புக் காய்ச்சல், டைபாய்ட் என்றார்கள். ஒருவரும் வெளிநாடு போய் வந்தவர்கள் இல்லை. ராகவிக்குக் குடலில் இரத்தம் கசிந்து ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுபோனேன் பிள்ளை. நல்லவேளை, உள்ளே விடவில்லை.

இனி எழுதுவதுதான் எனக்கு மலத்தைவிட நாற்றமாக இருக்கிறது. சங்கத்து வாட்ஸப் குழுவில் ஆளுக்கு ஒரு கதை எழுதினார்கள், நான் குரலிலேயே பதிந்து போட்டேன். "படகில வந்த சனம், எந்தக் கக்கூசுக்குப் போய்ட்டு எப்பிடிக் கழுவின கையோ, அவளைக் குசினிக்குள்ள விட்டது எங்கட பிழை" என்றேன். என்னுடைய குரல், என்னுடைய சிரிப்பும் அதில் இருக்கிறது. இருபத்தெட்டுப் பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அடுத்த நாள் பழனிசாமி அவளைக் கடைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு தாதி வந்து, சாப்பாட்டில் கைவைத்த ஐந்து பேருக்கும் மலம் எடுத்துக் கொடுக்கச் சின்னப் போத்தல் தந்தாள். என்னிடமும் நீட்டியபோது எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ஒரு நாளைக்கு இருபது தரம் கை கழுவுகிறவள், குசினி நிலத்தைப் படுத்துத் தூங்கக்கூடியதாக வைத்திருக்கிறவள், என்னிடமா என்று. மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். ஒரு கிழமையில் அவளே திரும்ப வந்தாள். சிவாஜினிக்கு ஒன்றும் இல்லை. மற்ற மூன்று பேருக்கும் இல்லை. கிருமி என்னில்.

நம்பவில்லை, திரும்ப எடுத்தார்கள், திரும்பவும் அதேதான். டொக்டர் எங்களை இருத்தி வைத்து விளக்கினார், போனில் மொழிபெயர்ப்பாளர். ராகவியில் இருந்த கிருமியின் மரபணுவையும் என்னில் இருந்ததையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒப்பிட்டார்களாம். ஏறத்தாழ நாற்பத்தெட்டு இலட்சம் எழுத்தில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். இப்போது ஆட்கள் பயணம் போய்க் கொண்டுவருகிற கிருமிகள் பல மருந்துகளுக்கு அசைவதில்லையாம், என்னுடையது எல்லா மருந்துக்கும் பணிகிற பழைய வகை. "உங்களுக்கு எப்போது இந்தக் காய்ச்சல் வந்தது?" என்று கேட்டார். தொண்ணூற்றைந்து, யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்டு, கிளிநொச்சியில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே. பித்தப்பையில் கல் இருக்கிறது, அந்தக் கல்லில் ஒட்டிக்கொண்டு முப்பது வருடம் இருந்திருக்கிறது, இரண்டு வருடத்துக்கு ஒரு எழுத்துப்படி மெல்ல மாறிக்கொண்டு. சில நாள் வெளியே வருமாம், சில நாள் வராதாம். எனக்கு ஒரு வலி, ஒரு காய்ச்சல் இல்லை.

நீ போன முறை வந்து நின்றபோது இதைத்தான் மேசையில் சொல்ல வெளிக்கிட்டாய். இந்தக் கிருமியின் மூதாதைகள் மிருகங்களிலும் இருந்தன, இது மனிதருக்குள் வந்து பழகியபிறகு மற்ற இடங்களில் பிழைக்கத் தேவையான மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகிவிட்டன, இப்போது மனிதரைவிட்டால் அதற்கு வேறு வீடில்லை என்றாய். நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்து, பீக்கதை கதைக்காதே என்று சத்தம் போட்டேன். ஆட்கள் கேட்டால் மகளுக்குக் கொம்பியூட்டர் வேலை என்றே இத்தனை வருடமும் சொல்லியிருக்கிறேன். கிருமிகளை ஆராய்கிற உன் வேலை எனக்கு அவ்வளவு அருவருப்பு. அந்த வீடு நான்தான் என்று அப்போது தெரியாது. தெரிந்த நாளிலிருந்து என் கையால் என் முகத்தைத் தொடவே எனக்குக் கூசியது.

சுகாதாரப் பகுதி யாருடைய பெயரையும் வெளியே சொல்லாது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாதை நாகேசு. ஆருக்கும் தெரியப்போறேல்லை, மருந்தை எடுத்துப்போட்டுப் பேசாம இரு" என்றார். நானும் பேசாமல் இருந்தேன், மூன்று கிழமை. சிவாஜினி தன் பரிசோதனைக் கடிதத்தைக் கடையில் காட்டினாளாம், கஸ்டமர்கள் கேட்கிறார்களே என்று பழனிசாமி மறுத்துவிட்டாராம். அதைக் கேட்டும் இருந்தேன். ஒருநாள் ஷொப்பிங் சென்ரரில் கழிவறைக்குப் போனால் அங்கே அவள் வாளியும் தும்புத்தடியுமாக நிலம் கழுவுகிறாள். "அன்ரி, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டு, "கிட்ட வராதேங்கோ, உடுப்பில ஊத்தை பட்டிடும்" என்று சுவரோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். நான் உள்ளே போய்ச் சத்தி எடுத்தேன். அதையும் அவள்தான் கழுவியிருப்பாள்.

அந்தக் கிழமையே ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்குப் போனேன். ராகவி தேறி வந்து கதிரையில் மெலிந்துபோய் இருந்தாள். உண்மையைச் சொன்னேன், அவர் எழும்பி என்னோடு வாசல்வரை வந்து கதவைச் சாத்தினார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். பிறகு சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, கிருமி என்னுடையது, சிவாஜினியைப் பற்றி நான் சொன்னது பொய்ப்பழி என்றேன். பக்கத்தில் இருந்த மனிசி தன் தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்தினார். நான் மற்றவர்களுக்குச் செய்ததுதான், வலிக்கத்தான் செய்தது.

சிவாஜினியிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது அவள் அழவில்லை. "மன்னிச்சன் எண்டு சொன்னால் உங்களுக்கு நித்திரை வரும் அன்ரி, எனக்கு வேலை வருமோ?" என்று கேட்டாள். அவளையும் கூட்டிக்கொண்டு மத்தியானச் சனம் நிற்கிற நேரம் பார்த்துக் கடைக்குப் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். பழனிசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, இதெல்லாம் கடையில வச்சுப் பேசணுமா, வியாபாரம் நடக்கிற நேரத்துல" என்றார். "அவளைப் பற்றி இங்கதானே கதைச்சவை" என்றேன். வரிசையில் நின்ற இரண்டு பேர், இந்தப் பிள்ளை திரும்ப வரட்டும் என்றார்கள். அடுத்த திங்கள் வேலைக்குப் போனாள். என்னைக் கண்டால் "ஓம் அன்ரி" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

நாலு கிழமை மருந்து எடுத்தேன், ஆறு கிழமைக்கு முன் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். கல்லைக் காட்டவா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன், பிறகு கேட்டு வாங்கிப் பார்த்தேன். பச்சையும் கறுப்புமாக, புளியங்கொட்டை அளவு. அதன்பிறகு கொடுத்த இரண்டு பரிசோதனையிலும் கிருமி இல்லை, இன்னும் ஒன்று இருக்கிறது. அதுவரை அப்பாதான் சமைக்கிறார், உப்பே இல்லை.

ஒன்றுதான் என்னை விடுகிறதில்லை. கிளிநொச்சியில் நான் காய்ச்சலில் விழுந்து இருபதாம் நாள் உனக்கும் காய்ச்சல் வந்தது, உனக்கு அப்போது மூன்று வயது. கிணற்றுத் தண்ணீர் என்று எல்லோரும் சொன்னோம். நான் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கிணறோ என் கையோ, அதை இப்போது எந்த எழுத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, இல்லையா? தெரிந்தால் எழுது. ஆறுதலுக்குப் பொய் எழுதாதே.

அம்பாள் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றுவாள், பேரன் நீண்ட ஆயுளோடு வளரவேண்டும். உன் வேலை என்னவென்று இனி யார் கேட்டாலும் சரியாகச் சொல்வேன். கடைசியாக ஒன்று மகள், கட்டாயம் செய். நாளைக்கே டொக்டரிடம் போய் மலம் பரிசோதிக்கக் கொடு, வெட்கப்படாதே. முடிவு வரும்வரை சுபாங்கனுக்குக் கையால் ஊட்டாதே. கரண்டியால் கொடு.

இப்படிக்கு
உன் அம்மா
ஆ. நாகேஸ்வரி