நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நீ நன்றாக இருப்பாய் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். இங்கே நான் சுகம், உன் சித்தியும் சுகம், அவளுடைய முட்டிவலியும் குறைவில்லாமல் இருக்கிறது. அம்மா எப்படி என்று கேட்டால் ஒரு வரியில் சொல்ல முடியாது, அதனால்தான் போனை விட்டுவிட்டுத் தாளை எடுத்தேன். போனில் என்றால் பாதியில் மழுப்பிவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியாததா. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். தலையில் தையல் பிரித்துவிட்டார்கள், முடி அரை விரல்கடை முளைத்திருக்கிறது, சித்தி பருத்தித் துணியில் ஒரு தொப்பி தைத்துப் போட்டுவிட்டாள். மூளையில் வீங்கியிருந்த ரத்தக்குழாய்க்குப் போட்ட கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறது, இனி அது வெடிக்காது என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் பக்கத்துக் குழாய் ஒன்று சுருங்கி, இடது பக்கம் கொஞ்ச இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டது. பேச்சு போனது அன்றுதான். தொண்டையில் குழாய் வைத்ததால் பேசவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். இன்னொரு பொய்யும் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

உன் அம்மா பேசாமல் கிடப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை கண்ணு. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக் டீச்சர், மூன்று வகுப்பு தள்ளி உட்கார்ந்திருப்பவனும் அவள் குரலைக் கேட்டே வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துவிடுவான். அந்த மனுஷி இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் கண்ணால் டம்ளரைக் காட்டுகிறாள். வலது கை நம் விரலைப் பிடிக்கிறது, பேனாவைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. மூன்று வாரம் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஒரு ஸ்கேன் எடுக்கலாம் என்றார். இது அடிபட்ட இடத்தை மட்டும் காட்டுகிற ஸ்கேன் இல்லையாம், உள்ளே படுத்துக்கொண்டு அவள் ஒரு குரலைக் கேட்கும்போது மூளையில் எந்தெந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டுமாம், அதை வைத்து எவ்வளவு பேச்சு திரும்பும் என்று கணிக்கலாமாம். முதலில் முன்பின் தெரியாத ஒருவர் குரல், பிறகு நெருங்கினவர் யாராவது ஒருவர் குரல், நாலு நிமிஷமாவது வேண்டும் என்றார்கள். என் குரல் நாள் முழுக்க அவள் காதில் விழுகிறது, அது சரிப்படாது என்றுவிட்டார் ஸ்கேன் எடுக்கிறவர். அவளை உள்ளே படுக்கவைத்தாகிவிட்டது, அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் போனைத் துழாவுகிறேன். சித்தி பேசி அனுப்பியதெல்லாம் சோப்பு வாங்கு, பல்பு வாங்கு என்று பத்துப் பத்து விநாடி. நீளமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. உன்னுடையது.

எது என்று உனக்குப் புரிந்திருக்கும். அம்மா அலையாய் அலைந்து வாங்கிக் கொடுத்த நிரந்தர வேலையை உதறிவிட்டு நீ அங்கே போனாய், இனி எனக்குப் போன் பண்ணாதே என்று அவள் வாசலில் நின்று சொன்னாள். இரண்டு மாதம் கழித்து நீ என் நம்பருக்கு அதை அனுப்பி, அம்மாகிட்ட போட்டுக் காட்டுங்கப்பா என்று எழுதியிருந்தாய். தபால் பிரிக்கும் கூடத்து மாடிப்படியில் நின்று ஒரு நிமிஷம் கேட்டேன். எல்லாரும் உன் ஸ்டூடன்ட் இல்லம்மா என்று நீ பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாய். அவளுக்கு ஏற்கெனவே பிரஷர், இதைக் கேட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து அதோடு நிறுத்திவிட்டேன். உன்னிடம், அம்மா கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னேன். அவள் கேட்கவே இல்லை கண்ணு. மிச்சத்தை நானும் கேட்கவில்லை. நாலு நாள் போகட்டும் என்று நினைத்தேன், நாலு மாதம் போயிற்று, அப்புறம் எந்த முகத்தோடு எடுப்பது. முப்பத்தொரு வருஷம் விலாசம் பாதி அழிந்த கடிதத்தைக்கூட ஒரு நாள் தேங்கவிடாமல் பிரித்து அனுப்பியவன், வீட்டுக்கு வந்த ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுக்கிறவரிடம் மெல்லக் கேட்டேன், கொஞ்சம் சண்டையாக இருக்கும், பரவாயில்லையா என்று. சண்டையா இருந்தா என்ன சார், பழகின குரலா இருந்தா போதும் என்று போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், அந்தப் பக்கம் மிஷின் தடதடவென்று இடிக்கிறது, அவள் காதில் ஓடுவது இங்கேயும் ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்கிறது. முதல் நிமிஷம் எனக்குத் தெரிந்ததுதான். அதற்கப்புறம் நீ அழ ஆரம்பித்தாய். கடைசியில் சொன்னாயே, "இங்க யாரும் இல்லம்மா, எனக்கு பயமா இருக்கு. ஒரே ஒரு தடவை கூப்பிடு. திட்டணும்னா திட்டு, உன் குரலைக் கேட்டா போதும்" என்று. அதை இரண்டு வருஷம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஸ்கேன்காரர் திரையைப் பார்த்தபடி, அம்மா தலையை அசைக்கவே இல்லை, ரொம்ப நல்லா ஒத்துழைக்கிறாங்க என்றார். வெளியே இழுத்தபோது பார்த்தேன், கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து தொப்பி காதோரம் தொப்பலாக நனைந்திருந்தது. அசையக் கூடாது என்று சொன்னதற்காக அசையாமலே அழுதிருக்கிறாள்.

அங்கேயே வராந்தாவில், சக்கர நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இடது கையில் இரண்டு விரலைக் காட்டினாள். ஆமாம், இரண்டு வருஷம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை, சித்திதான் ஊட்டினாள். வாய் இருந்து திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

மூன்றாம் நாள் டாக்டரம்மா படத்தைக் காட்டினார். காதில் விழுவதற்கும் வாயில் வருவதற்கும் நடுவில் இருக்கிற பாதை இடது பக்கத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. தெரியாத குரலுக்கு மூளை அரைகுறையாகத்தான் விழித்திருக்கிறது. உன் குரலுக்கு வலது பக்கமும், இடது பக்கம் மிஞ்சிய ஓரமும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. இது ஜோசியம் இல்லை சார், ஒரு கணிப்புதான் என்றார். நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிகிறது. ஒரு வருஷத்தில் சின்னச் சின்ன வாக்கியங்கள் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. பழைய மாதிரி வராது. நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அதையேதான் சொன்னார், அதனால் உனக்கும் அப்படியே எழுதுகிறேன். இன்னொன்றும் சொன்னார், இந்த முதல் சில மாதங்கள்தான் முக்கியம், யாருக்குப் பதில் சொல்ல அவள் ஆசைப்படுகிறாளோ அவர்கள் பேச வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் இருக்கிற நம்பிக்கை படத்திலேயே நின்றுவிடலாம் என்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். டம்ளரைக் காட்டி இது என்ன என்றாள், அம்மாவுக்கு வரவில்லை. சீப்பு, வரவில்லை. அப்புறம் அந்தப் பெண் சும்மா, "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தாள். அம்மா மூணு, நாலு என்று பிடித்துக்கொண்டு பத்து வரை போய்விட்டாள், அதே டீச்சர் குரல். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எண்ணுவது பழக்கத்தில் வேறு வழியாக வருவது, முழுப் பேச்சு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள் என்றாள் அந்தப் பெண். சரிதான், ஆனால் இப்போது எது வேண்டுமென்றாலும் அம்மா எண்ணித்தான் கூப்பிடுகிறாள். நேற்று என் போனை வாங்கி, இடது கட்டைவிரலால் தானே அழுத்தி, உன் பேச்சைக் கடைசிவரை காதில் வைத்துக் கேட்டாள். முடிந்ததும் போனுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பத்து வரை சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அந்தப் பக்கம் யாரும் இல்லம்மா, இது பழசு என்றேன். திரும்பவும் முதலில் இருந்து எண்ணினாள்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நீ என்னோடு பேசாவிட்டாலும் போகட்டும். லீவு கிடைத்ததும் வா, ஆனால் அதுவரை காத்திருக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இங்கத்திய மணிக்கு, போன் செய். போனை அவள் காதிலேயே வைத்துவிடுவேன். உன் வீடு, வேலை, என்ன சமைத்தாய் என்று நீயே பேசு, பெயர் சொல்லிப் பதில் சொல்லும்படி எதையும் கேட்காதே, அவசரப்பட்டு வார்த்தையை நீ எடுத்துக் கொடுக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளாதே, எலும்பும் தோலுமாக வந்து நின்றால் அம்மா எண்ணியே உன்னைத் திட்டுவாள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவள் பத்து வரை எண்ணுவாள், அப்புறம் சத்தமே இருக்காது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அந்த நேரத்தில் அவள் உதட்டை நான் பார்த்திருக்கிறேன், உன் பெயரைத்தான் தேடுகிறாள். எவ்வளவு நேரமானாலும் இரு.

இப்படிக்கு,
உன் அப்பா