கணவனுக்குப் புறம்பாக

ஸ்காபரோ,
நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அன்ரனெற்,

நானும் கரோலின் பிள்ளையும் சுகம். கரம்பொனில் நீரும் காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லாமல் இருக்க மடுமாதாவை மன்றாடிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். நாள் தவறாமல் ரெலிபோனில் கதைக்கிற மனுசன் ஏன் பேனையைத் தூக்கினான் என்று யோசிப்பீர். உம்முடைய காணியை விற்கிற உறுதி எழுத நொத்தாரிசு கேட்ட என் சம்மதக் கடிதம் மூலப்பிரதியாகவே வரவேண்டுமாம். அதைத் தனியே உறைக்குள் வைத்து அனுப்ப மனம் வரவில்லை. ரெலிபோனில் நான் கதைத்துக்கொண்டே போக, நீர் "ஓம்", "சரி" என்று சொல்லிக்கொண்டிருப்பீர். கடிதம் என்றால் நான் முடித்த பிறகு உமக்கும் முறை வரும்.

வீட்டுப் புதினம் முதலில். காருக்கு வின்ரர் ரயர் மாற்றியாகிவிட்டது. கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுத்து யன்னலடியில் வைத்திருக்கிறேன், இலை கொட்டுகிறது, ஆனால் சாகவில்லை. நீர் சமைத்து ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுப் போன கறிகள் மூன்றாம் கிழமையே முடிந்துவிட்டன. இப்போது நானே சமைக்கிறேன். புதன்கிழமைகளில் கரோலின் வேலை முடிந்து யூனியன்விலில் இருந்து சாப்பாடு கொண்டு வருவாள். கோயிலில் எல்லாரும் "அக்கா எப்ப வாறா?" என்று கேட்கினம். "அலுவல் முடிய வருவா" என்கிறேன். எந்த அலுவல் என்று ஒருவரும் கேட்கவில்லை, நல்ல காலம்.

இனி வேலைக் கதை. றிச்மண்ட் ஹில்லில் பழைய காணிக் கடதாசிகளை ஸ்கான் பண்ணுகிற இடத்தில் இப்போது எங்களுக்கு ஆயிரத்து எண்ணூறுகளின் தொடக்கத்துக் கட்டுகள் வந்திருக்கின்றன. இந்த மாகாணத்தை அப்பர் கனடா என்று சொன்ன காலம். என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை என்று உமக்குத் தெரியும். தாளை வைத்து, படம் எடுத்து, மறுபக்கம் திருப்பி, அதையும் எடுப்பேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் எடுக்கவேண்டும் என்பது எங்கள் மேற்பார்வையாளர் கஜனியின் கட்டளை. எங்கள் கரோலினை விட இளம் பிள்ளை, ஆனால் அந்தக் காலத்துக் கோழிக்கிறுக்கல் எழுத்தைத் தண்ணீர்பட்ட பாடாக வாசிப்பாள்.

சில காணி உறுதிகளின் பின்பக்கத்தில் ஒரே மாதிரியான நாலு வரி இருப்பதைக் கண்டு அவளிடம் கேட்டேன். அவள் வாசித்துச் சொன்னாள்: "அங்கிள், இது நீதவான் எழுதினது. இந்தப் பெண்ணைக் கணவனுக்குப் புறம்பாக வைத்து விசாரித்தேன். பயமுறுத்தலோ வற்புறுத்தலோ இல்லாமல், தன் மனச்சம்மதத்தோடு காணியைக் கொடுப்பதாகச் சொன்னாள்."

அது 1803ஆம் ஆண்டுச் சட்டமாம். அந்த நாளில் கலியாணம் முடித்த பெண்ணின் காணி அவள் பெயரில் இருந்தாலும் ஆட்சி புருசனுக்குத்தான். விளைச்சலும் அவனுக்கு, வாடகையும் அவனுக்கு. ஆனால் விற்கிறது என்றால் மாத்திரம் நீதவான் புருசனை வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனியே கேட்கவேண்டும். உமக்கு உண்மையில் விருப்பமா என்று. அவள் ஓம் என்றால்தான் உறுதி செல்லும்.

நான் கஜனிக்கு எங்கள் ஊர்த் தேசவழமைச் சட்டத்தைச் சொன்னேன். சீதனக் காணியை விற்க மனிசிக்குப் புருசன் எழுத்தில் சம்மதம் கொடுக்கவேண்டும், இன்றைக்கும் அதுதான் சட்டம், என் மனிசிக்கு நானே இந்தக் கிழமை கொடுக்கப்போகிறேன் என்று. அவள் தேடிப் பார்த்துவிட்டு, ஒல்லாந்தர் எழுதி வைத்த தேசவழமையை வெள்ளைக்காரர் 1806இல் சட்டமாக உறுதிப்படுத்தினார்கள் என்றாள். மூன்று வருச வித்தியாசம், இரண்டு இடத்துக்கும் அதே வெள்ளைக்கார அரசன். "இஞ்சை பெண்ணைக் கேட்டிருக்கினம், அங்கை ஆம்பிளையைக் கேட்டிருக்கினம். என்ன அங்கிள், funny, இல்லையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். காரில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் இன்னொன்று அகப்பட்டது. ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் இருந்து வந்த கட்டு அது. மார்கரெட் என்ற பெண். அமெரிக்கா பிரிந்துபோன சண்டையில் அரசருக்கு விசுவாசமாக நின்று, எல்லாவற்றையும் இழந்து ஓடிவந்த ஒருவரின் மகள். அப்படி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, பெண்களுக்கும்கூட, ஆளுக்கு இருநூறு ஏக்கர் காடு கொடுத்திருக்கிறார்கள். அகதியாக வந்தவரின் பிள்ளைக்குக் கிடைத்த சீதனம் என்று வைத்துக்கொள்ளும். 1809இல் அவளுடைய புருசன் ஜேக்கப் அதை விற்க உறுதி எழுதியிருக்கிறான். முன்பக்கத்தில் எல்லாம் ஒழுங்கு, அவன் கையெழுத்தும் இருக்கிறது. பின்பக்கத்தில் நாலு வரி இல்லை, ஒரு வரிதான். "தனியே கேட்டேன். சம்மதமில்லை என்கிறாள்."

அன்ரனெற், அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவள் அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்திருப்பாள். வாசலில் அவன் நின்றிருப்பான். இருவரும் ஒரே வண்டியில்தானே வீட்டுக்குப் போயிருக்கவேண்டும்? அவன் அடித்தானா, விட்டுவிட்டுப் போனானா என்று அறியாமல் இருக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரங்களில் அதே கட்டைக் கிளறினேன். பதினொரு வருசம் கழித்து, காணிவரி கட்டுகிற குடும்பங்களை எழுதின இடாப்பு ஒன்று அகப்பட்டது. அதே காணி. வீட்டுத் தலைவன் ஜேக்கப். பெண்களின் பெயரை அதில் எழுதமாட்டார்கள், எண்ணிக்கை மட்டும்தான். பதினாறு வயதுக்கு மேற்பட்ட பெண்: ஒன்று.

அது மார்கரெட்டாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். 1989இல் என்னைக் கனடாவுக்கு அனுப்ப உம்முடைய பின்காணியை விற்றோம். வேலணையில் நொத்தாரிசு வீட்டு விறாந்தையில் அவர் என்னைப் பார்த்துத்தான் "சம்மதமோ தம்பி?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். உம்மை ஒருவரும் கேட்கவில்லை. பேனையை நீட்டினார்கள், கையெழுத்து வைத்தீர். சைக்கிளில் வீட்டுக்கு வரும்வரை நீர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் போகப்போகிறேன் என்ற கவலை என்று நினைத்தேன். அந்தக் காணியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் போடவேண்டும் என்று, கலியாணம் முடித்த கையோடு நீர் அடி வைத்து அளந்து காட்டியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பாலர் வகுப்பு ரீச்சராகப் படித்த நீர், இங்கே வந்து இருபத்திரண்டு வருசம் கேக் பெட்டி மடித்தீர். அதற்கும் நான் உம்மைக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

இந்த முறையும் அதையேதான் செய்தேன். மிச்சக் காணியை விற்றுக் கரோலின் வீடு வாங்கக் கொடுப்போம் என்று முடிவெடுத்தது நான். ஊரில் யேசுரட்ணம் அண்ணையைப் பிடித்து, சுவிஸில் இருக்கிற ஒருவரை வாங்கச் சம்மதிக்க வைத்ததும் நான். ரிக்கெற் போட்டு உம்மை விமானம் ஏற்றியதும் நான்தான்.

போன கிழமை நீர் ரெலிபோனில் "கிணறு இறைப்பிச்சனான், தண்ணி நல்லாய் இருக்கு" என்றீர். வேலி அடைத்ததைச் சொன்னீர். பின்னேரங்களில் ஏழு பிள்ளைகள் படிக்க வருகினம் என்றும், ஒருத்திக்கு 'அ' எழுத வந்துவிட்டது என்றும் சொன்னீர். நான் "சரி சரி, நொத்தாரிசு என்ன சொன்னவர்?" என்று கேட்டேன். விற்கப்போகிற கிணற்றை யார் இறைப்பார்கள்? அந்த நேரம் அது எனக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை கரோலினுக்கு இதைச் சொன்னேன். சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, நான் கேட்டனானா? அம்மாட land வித்து எனக்கு வீடு வேணும் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லையே. I thought அம்மாவுக்குத்தான் விக்க விருப்பம் எண்டு" என்றாள். பிறகு என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். உம்முடைய கை மாதிரியே இருந்தது.

வியாழக்கிழமை லோயர் அன்புராசாவிடம் போனேன். இன்னாருக்கு விற்கச் சம்மதம் என்று எழுதவேண்டாம், என் மனிசி தன் காணியை வைத்திருந்தாலும், விற்றாலும், ஆருக்கும் எழுதிக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம், இனி ஒன்றுக்கும் என்னிடம் வரத் தேவையில்லை என்று எழுதுங்கோ என்றேன். "அண்ணை, இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை. ஊரிலை ஏற்பினமோ தெரியாது" என்றார். ஏற்காவிட்டால் கிழித்துப்போடட்டும், நீங்கள் எழுதுங்கோ என்றேன். அதுதான் இத்துடன் இருக்கிறது.

இப்போது நான் பக்கத்தில் இல்லை. ஏழு கடல் தள்ளி இருக்கிறேன். உமக்கு என்ன விருப்பம், அன்ரனெற்? எனக்காக யோசிக்காமல் சொல்லும். முப்பத்தாறு வருசம் பிந்திக் கேட்கிறேன், குறை நினையாதேயும்.

மாத்திரை தவறாமல் போடும். இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. நீர் எதைச் செய்தாலும் தேவமாதாவின் கை உம்மேல் இருக்கட்டும்.

உம்முடைய,
றெமிஜியஸ்

*

கரம்பொன்,
நவம்பர் 24.

அன்புள்ள கரோலின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். பிள்ளைகள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தரம் வாசித்தேன். இரவு நீங்கள் ரெலிபோன் எடுத்தபோது வேண்டுமென்றுதான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக் கேட்டவருக்கு எழுதிச் சொல்வதுதான் மரியாதை.

கேட்டீர்கள், சொல்கிறேன். காணியை விற்க எனக்கு விருப்பம் இல்லை. யேசுரட்ணம் அத்தானிடம் நானே நடந்துபோய்ச் சொன்னேன். முகம் கறுத்துப்போனது. பிறகு, "தம்பிக்குத் தெரியுமோ?" என்றார். "அவர்தான் கேட்டவர்" என்றேன். தேத்தண்ணி தந்து அனுப்பினார்.

ஆனால் ஒரு விசயத்தில் நீங்கள் பிழையாக விளங்கி, வீணாக மனதைப் போட்டு வருத்துகிறீர்கள். வேலணையில் கையெழுத்து வைத்த அன்று எனக்கு இரண்டு மாதம். அதற்கு முந்தின கிழமைதான் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீங்கள் போன பிறகுதான் தெரிந்தது என்று உங்களுக்கு எழுதினேனே, அது பொய். சொல்லியிருந்தால் நீங்கள் போயிருக்கமாட்டீர்கள். சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் உங்களை இரண்டு தரம் பிடித்துக்கொண்டுபோய், பிறகு விட்டவங்கள். மூன்றாம் தரம் விடமாட்டாங்கள் என்று எனக்கு மனதில் பட்டது. சைக்கிளில் வாயைத் திறந்தால் உளறிப்போடுவேன் என்ற பயத்தில்தான் வேலணையிலிருந்து வீடுவரைக்கும் பேசாமல் வந்தேன். பள்ளிக்கூடம் அன்றைக்கு நினைவிலேயே இல்லை.

அந்த நொத்தாரிசு உங்களை வெளியே அனுப்பிவிட்டு என்னைத் தனியே கேட்டிருந்தால், "ஓம் ஐயா, கெதியாய் எழுதுங்கோ" என்றுதான் சொல்லியிருப்பேன். அது என் முழுச் சம்மதம். அந்தக் காணியைக் கொடுத்துத்தான் உங்களை உயிரோடு வைத்திருக்கிறேன். நட்டப்பட்டதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நாலு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நீங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக்கு வந்து இறங்கின அன்று, பிறக்கும்போது பக்கத்தில் நிற்கவில்லையே என்று லிஃப்டுக்குள் நின்று அழுதீர்கள். அதற்குமேல் இதையும் உங்கள் தலையில் வைக்க மனம் வரவில்லை.

கேக் பெட்டி மடித்த கதைக்கு மட்டும் உங்களில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அதை நேரில் தீர்க்கிறேன்.

இப்போது பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். பங்குச் சுவாமியும் வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் இருக்கவென்று கோயிலில் கிடந்த நாலு வாங்கை அனுப்பினார். ஈஸ்ரர் வரைக்கும் இங்கே நிற்கப்போகிறேன். பிறகு கோடைக்கு அங்கே வந்து உங்களோடும் பிள்ளையோடும் இருப்பேன். அதற்குப் பிறகு எப்படி என்பது எனக்கும் தெரியாது, இருவரும் இருந்து கதைத்துத்தான் முடிவெடுக்கவேண்டும். நானும் உங்களைக் கேட்கத்தானே வேண்டும்?

இங்கே படுக்க ஒழுங்கான இடம் இல்லாமல் இவ்வளவு நாளும் பாயில்தான் படுத்தேன். போன சனிக்கிழமை தச்சரைக் கூப்பிட்டுக் கட்டில் ஒன்றுக்குச் சொன்னேன். எவ்வளவு அகலம் வேணும் அக்கா என்று கேட்டார். ரெண்டு பேருக்கு என்றேன். தைப்பொங்கலுக்கு முதல் தந்துவிடுவாராம்.

ஆண்டவர் உங்களைப் பனியிலும் வழுக்கலிலும் காப்பாற்றி, சுகமாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அன்புடன்,
அன்ரனெற்