இங்கே அம்மா வரவேண்டும்

ரஷ்த்,
ஃபர்வர்தீன் 22

அன்புள்ள அக்கா நஸ்தரனுக்கு,

கியான் எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், நடுவில் லைனும் போய்விடுகிறது. இனி மெயில்தான்.

நான் செய்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆறு பயணம் முடிந்துவிட்டது. அன்ஸலி ஏரியின் நாணலுக்குள் படகு தள்ளும் அந்தப் பெண் இப்போது நிஜமாகவே மூச்சு வாங்குகிறாள். மழையை வரைய மட்டும் எட்டு மாதம் பிடித்தது, ஆனால் மழையிலேயே வளர்ந்த ரஷ்த்துக்காரன் யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. மிச்சம் ஏழாவது பயணம். அதில் படகேறப் போவது நம்மை விட்டுப்போன அம்மா. அரிசி புடைத்துக்கொண்டே அவள் முணுமுணுத்த பாட்டு என் பழைய ஃபோனில் நாற்பது வினாடி இருக்கிறதே, அதைச் சுற்றித்தான் எல்லாம். துடுப்புச் சத்தமும் அவள் குரலும் ஒட்டமாட்டேன் என்கின்றன. மூன்று தடவை பிரித்துப்போட்டுவிட்டேன்.

தெஹ்ரான் கம்பெனிக்குச் செய்துவந்த மிட்டாய் உடைக்கும் விளையாட்டு வேலையை விட்டுவிட்டேன். திட்டாதே. பகலெல்லாம் மிட்டாய்க்குச் சாயம் பூசிவிட்டு வந்து உட்கார்ந்தால் அம்மா பக்கம் கை போகவே இல்லை.

வீட்டுக்காரர் சஃபரி, கோர்தாத் மாதக் கடைசிக்குள், உங்கள் கணக்கில் ஜூன் 21-க்குள், முன்பணத்தை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். "நீ என் புள்ள மாதிரிப்பா, வேற ஆளுக்கு விட எனக்கு மனசே வரல" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அர்த்தம் உனக்குத் தெரியும். மூட்டையைக் கட்டச் சொல்கிறார்.

ஜெர்மன் அத்தானைக் கேட்டதாகச் சொல். டாக்சிக்காரர் "இருக்கட்டும் சார், உங்களுக்கு இல்லாததா" என்று நம் ஊர் உபசாரத்துக்குச் சொன்னதை நம்பி, காசு கொடுக்காமல் கைகுலுக்கிவிட்டு இறங்கிப் போனாரே. நம் தெரு பேக்கரியில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

உன் தம்பி,
கியான்


கொலோன்,
ஏப்ரல் 18

என் செல்லக் கியானுக்கு,

சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது. கேமராவில் உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. சாப்பிடுகிறாயா? நான் அனுப்பிய பணத்தை இரண்டு தடவை திருப்பிவிட்டாய். உனக்கு ரோஷம் இருக்கிறது, எனக்குத் தூக்கம் இல்லை.

ஐந்து வருஷம் ஆயிற்று. நீ ஒருத்தனே படம் வரைந்து, ஒருத்தனே பாட்டுப் போட்டு, ஒருத்தனே பிழை திருத்துகிறாய். ஆறு பயணத்தோடு முடித்தால் குறைந்தா போய்விடும்? வெளியே வந்தால் நாலு காசு வரும், அடுத்ததை நிதானமாகச் செய்யலாம். அம்மா எங்கே போய்விடப் போகிறாள்?

விளையாட்டு விற்கும் இணையக் கடையில் நம் நாட்டுக்காரர் பெயரில் விற்க விடமாட்டார்கள் என்பதால் கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது. அவர்கள் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டுமாம். செய்தவரைக்கும் அனுப்பு.

உன் அக்கா,
நஸ்தரன்


ரஷ்த்,
ஓர்திபெஹெஷ்த் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அனுப்பியிருக்கிறேன். சரிபார்க்க மட்டும். ஏழாவது பயணத்தில் இப்போது வெறும் மூடுபனிதான். இடம் மறக்காமலிருக்க நம் மொழியில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: 'இங்கே அம்மா வரவேண்டும்.' இலையுதிர்காலத்துக்குள் வந்துவிடுவாள்.

அவசரப்படாததற்குக் காரணம் பிடிவாதம் மட்டும் இல்லை. தனியாக விளையாட்டு செய்து வெளியிடும் என் மாதிரி ஆளுக்கு முதல் நாள் என்று ஒன்றுதான் உண்டு. அன்றைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவன் பிறகு எட்டிக்கூடப் பார்க்கமாட்டான்.

சாப்பிடுகிறேன். பாகலா அவரை, முட்டை, சோறு. போதுமா?

மற்றபடி நான் யார் சொல்வதற்கு? விளையாட்டே உன்னுடையதுதான். எப்போது வெளியிடுவது என்பது உன் இஷ்டம். என் தலைமேல் உனக்கு இல்லாத அதிகாரமா?

கியான்


கொலோன்,
ஜூன் 2

கியான் கண்ணு,

உட்கார்ந்துகொண்டு படி. வெள்ளிக்கிழமை வெளியிட்டுவிட்டேன். என் இஷ்டம் என்று நீதானே எழுதியிருந்தாய். முதல் நாளே நான் நினைத்ததைவிட நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள். மழையைப் பார்த்து ஒருத்தி அழுதாளாம். சஃபரிக்குக் கோர்தாத் கடைசிக்குள் பணம் போய்ச் சேர்ந்துவிடும். நீ அந்த மேஜையை விட்டு நகர வேண்டியதில்லை.

கோபமென்றால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

நஸ்தரன்


கொலோன்,
ஜூன் 19

கியான்,

பதினேழு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நீயும் பார்த்திருப்பாய். பனிக்குள் கிடந்த உன் வரியை எவனோ மொழிபெயர்த்துப் போட்டுவிட்டான். இப்போது அதுதான் எல்லோருக்கும் கேலி. காலி நாற்காலி, காலி பாத்திரம், எதைப் பார்த்தாலும் படமெடுத்து 'இங்கே அம்மா வரவேண்டும்' என்று எழுதிப் போடுகிறார்கள். ஏமாற்றிவிட்டாய் என்று பாதிப்பேர் காசைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். விற்பனையை நிறுத்திவிட்டேன், ஆனால் சிரிப்பை என்னால் நிறுத்த முடியவில்லை. மிஞ்சியதோடு என் கையிலிருந்ததையும் சேர்த்துச் சஃபரிக்குக் கொடுக்கச் செய்தேன். ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பத்து வருஷம் இங்கேயே இருந்து உபசாரப் பேச்சே மறந்துபோயிற்று என்று உன் அத்தான் உல்ரிஹிடம் சொன்னேன். அது பொய். உன் கடைசி வரிகளைப் படித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். 'ஐயோ, அது உன்னுடையது, நான் யார்' என்று நம் வழக்கப்படி மூன்று தடவை மறுத்திருக்க வேண்டும். உல்ரிஹ் தெரியாமல் டாக்சியிலிருந்து இறங்கிப் போனார். நான் தெரிந்தே இறங்கினேன்.

அம்மா போனபோது நான் வரவில்லை. உன் கழுத்தெலும்பைப் பார்த்ததும் அடுத்தது நீதான் என்று பயந்துவிட்டேன். பயத்தில் உன் ஐந்து வருஷத்தைக் கொண்டுபோய்த் தெருவில் கொட்டிவிட்டேன். என்னைத் திட்டு. ஃபோன் பண்ணிக் கத்து. நான் அழமாட்டேன்.

உன் அக்கா


தீர் 11

மதிப்பிற்குரிய சகோதரி நஸ்தரன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் கணவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்காக இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டீர்கள். தங்கள் கைக்கு வலி வராதிருக்கட்டும்.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். சஃபரி அவர்களிடம் தாங்கள் சேர்ப்பித்த தொகை தங்களுக்கே திரும்பி வரும். மிட்டாய் வேலைக்கு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள். மதியச் சாப்பாடு அவர்களே தருகிறார்கள், ஆகவே அதைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

அம்மாவின் நாற்பது வினாடியை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதுவும் தங்களுடையதுதான். என்னிடம் இருந்ததை அழித்துவிட்டேன்.

என் ஏழை வீடு என்றும் தங்கள் வீடு. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், என் கண்மேல் காலடி வைத்து வாருங்கள்.

தங்கள் பணிவுள்ள,
கியானூஷ்